தமிழுக்கு ஆறாம் எண்ணை அழுத்துக!

காப்பீடு என்னும் சொல்லை நாம் ஆக்கிக்கொண்டோம். காப்பும் ஈடும் சேர்ந்த சொல் அது. ஒன்றைக் காத்தலும், காக்க முடியாமற் போனவிடத்து அதற்கு ஈடு தருதலும் ஆகிய இரு செயல்களையும் ஒருங்கே உணர்த்தும் அப்பொருள் நிறைவு ஆங்கிலவன் வழங்கும் 'இன்சூரன்சு' என்னும் சொல்லிலும் இல்லை. பாரசீகத்தினின்று இந்தி கடன்பெற்று வைத்திருக்கும் 'பீமா' என்னும் சொல்லிலும் இல்லை. சொல்லை ஆக்கிக்கொண்ட தமிழன், அச்சொல்லுக்குரிய பொருளைத் தன் மொழியிற் பெறும் உரிமையை மட்டும் இன்னும் ஆக்கிக்கொள்ளவில்லை. பணம் கட்டுபவன் தமிழன். காக்கப்பட வேண்டிய வீடு நிற்பது தமிழ்நிலத்தில். அதை இடிக்க வரும் புயலும் நம் கரைக்கே வருகின்றது. இவற்றுக்கிடையே எழுதப்பெறும் ஒப்பந்தம் மட்டும் ஆங்கிலத்தில்; அவ்வொப்பந்தத்திற்கு இடப்பெறும் பெயர் இந்தியில்; அதைப் பற்றி ஐயம் கேட்கத் தொலைபேசியை எடுத்தால் தமிழ் ஆறாம் எண்ணில்!

குடிக்கூலிக்கு விட்ட வீட்டிற்குக் காப்பீடு செய்வது பற்றியே இக்கட்டுரை. குடிக்கூலிக்கு வீடு விட்டவர் என்றவுடன், செல்வர்க்காக வழக்காடுகிறோம் என்று உணர்வாளர் எவரும் முகஞ்சுளிக்க வேண்டா. பத்து வீடு வைத்திருப்பவனுக்குக் கணக்கரும் உண்டு; வழக்குரைஞரும் உண்டு; முகவர் அவன் வீட்டு வாயிலில் வந்து நிற்பார். நாம் பேசுவது, கணவர் விட்டுச் சென்ற ஒற்றை வீட்டை ஒரு குடும்பத்திற்கு விட்டு, திங்கள்தோறும் வரும் ஏழாயிரம் எட்டாயிரம் உருபாவைக் கொண்டு அரிசியும் மருந்தும் வாங்கும் மூதாட்டியரைப் பற்றி. ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை முழுவதையும் நாலு சுவரில் இட்டுவிட்டு, பிள்ளைகளோடு வேற்றூரில் வாழும் பழைய பள்ளியாசிரியரைப் பற்றி. இவர்களுக்கு வீடு என்பது உடைமை மட்டுமன்று, சோறு. அது விழுந்தால் குடியிருப்பவர் வேறிடம் போய்விடுவார். இவர்க்கோ கூரையும் போம், கூலியும் போம்.

புயல் எங்கோ வருவதன்று. 2011 திசம்பர் 30ஆம் நாள் கடலூர் மாவட்டத்தைத் 'தானே' புயல் சூறையாடியது. 2015 திசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. 2018 நவம்பர் 16ஆம் நாள் 'கசா' புயல் நாகையிலும் தஞ்சையிலும் தென்னையோடு வீட்டையும் சாய்த்தது. 2023 திசம்பர்த் தொடக்கத்தில் 'மிச்சாங்' புயலால் சென்னை நீரில் நின்றது. அத்திங்களிலேயே 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. ஒவ்வொரு முறையும் அரசு தரும் துயர்துடைப்புத் தொகை, இடிந்த சுவரின் ஒரு முழத்தை எழுப்பவும் போதாமையை நாம் கண்ணாரக் கண்டோம். ஆகலின் காப்பீடு வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. முதலாளியக் கருவி என்று அதைத் தள்ளிவிடுவோர் நம்மிடையேயும் சிலர் உளர். அவர்கள் ஒரு முறை மழைநாளில் கடலூர்க்கு வந்து செல்வார்களாக.

இனி, அக்காப்பீட்டின் உள்ளீடு யாது? வீட்டின் மதிப்பு என்று காப்பீட்டார் கொள்வது மனை விலையையன்று. கட்டடத்தை மீண்டும் எழுப்ப ஆகும் செலவையே. உட்பரப்பு இத்துணை, அதைக் கட்ட இன்றைய விலையில் இத்துணை என்று பெருக்கிக் காணும் தொகை அது. இதனை அறியாதார் மனைவிலையையும் சேர்த்துச் சொல்லி, வேண்டாத தொகைக்குக் கட்டணம் கட்டுவர். குடியிருப்பவரின் தட்டுமுட்டுகளுக்கு வீட்டுக்காரர் எடுக்கும் காப்பு பொருந்தாது. அவற்றுக்குக் குடியிருப்பவரே தனியாக எடுத்தல் வேண்டும். வீடு பழுதாகிக் குடியிருக்கத் தகாததாய்க் கிடக்கும் காலத்தில் இழக்கும் குடிக்கூலிக்கும் ஈடு பெற வழியுண்டு. ஆனால், அந்த வீடு குடிக்கூலிக்கு விடப்பட்டது என்று முறியில் எழுதியிருந்தாலன்றோ அதைக் கேட்க முடியும்? இன்னொன்றும் உண்டு. பழைய தீக்காப்பு முறிகளில், வீடு முப்பது நாளுக்கு மேல் ஆளின்றிப் பூட்டிக்கிடந்தால் காப்பு அற்றுப்போகும் என்று ஒரு வரி இருக்கும். ஒரு குடும்பம் காலிசெய்து மறு குடும்பம் வருவதற்குள் முப்பது நாள் கழிவது யாண்டும் நிகழ்வதே. அவ்வரியைத் தமிழில் எவரேனும் சொல்லியிருந்தால் வீட்டுக்காரர் முன்கூட்டியே மடல் எழுதி இசைவு பெற்றிருப்பார். சொல்லவில்லை, ஏனெனில் அவ்வரி ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

இத்தனையையும் ஒருவர் கேட்டுத் தெளிய வேண்டும். எங்கே கேட்பது? முன்பு ஊருக்கொரு கிளை இருந்தது. கிளையில் ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் நம்மூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் எழுதியது ஆங்கிலமாயினும் வாய் தமிழாய் இருந்தது. இன்றோ, கிளைக்குப் போனால் "எல்லாம் தொலைபேசி வழியே" என்று ஓர் எண்ணை எழுதித் தந்து அனுப்பிவிடுகின்றனர். அவ்வெண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கின்றது என்பதை நான் அறிந்த ஒரு நிகழ்வால் விளக்குவேன். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. ஒன்றன் பெயரைச் சொல்லிப் பழித்தால் மற்றவை நல்லன என்று பொருளாகிவிடும்.

என் தமக்கையார்க்குக் கடலூரில் ஒரு வீடு உண்டு. தானே புயலில் ஓடு பறந்த வீடு அது. பின்னர்க் கடன்பட்டுத் தளம் போட்டார். இப்பொழுது அவர் என்னோடு இருக்கிறார். வீட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கின்றது. "தம்பி, இன்னொரு முறை போனால் கட்டுவதற்கு எனக்கு அகவையும் இல்லை, பணமும் இல்லை" என்று சொல்லித் தாமே காப்பீட்டிற்கு முனைந்தார்.

கட்டணமில்லா எண்ணை அழைத்தோம். முதலில் இந்தி பேசிற்று. பிறகு ஆங்கிலம் பேசிற்று. இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்திற்கு இரண்டு என்று தொடங்கிய வரிசையில் தமிழ் ஆறாவதாக வந்தது. ஆறை அழுத்தினோம். தமிழ் பேசும் பணியாளர் அனைவரும் வேறு அழைப்பில் உள்ளனர் என்று ஒரு பொறிக்குரல் அறிவித்தது. அதையும் ஆங்கிலத்திலேயே அறிவித்தது. பதினேழு மணித்துளி இசை கேட்டோம். பதினெட்டாம் மணித்துளியில் ஒருவர் வந்தார். வந்தவர் இந்தியிற் பேசினார். தமிழ் வேண்டும் என்றோம். 'ஓல்டு' என்றார். தொடர்பு அறுந்தது. மறுநாளும் இதுவே, மணித்துளிக் கணக்குத்தான் வேறு.

மூன்றாம் நாள் நான் வெளியூர் சென்றிருந்தபோது அவர்களே அழைத்திருக்கின்றனர். இம்முறை பேசியவர் ஒரு தமிழ்ப்பெண். கனிவாகவே பேசினாராம். ஆனால் அவர் முன்னிருந்த கணினித் திரை ஆங்கிலத்தில் இருந்தது; அவர் வாயினின்று வந்ததும் அத்திரையே. "அம்மா, பிராப்பர்ட்டி செல்ப் ஆக்குபைடா?" என்று கேட்டிருக்கிறார். தமக்கையார்க்கு விளங்கிய பொருள், வீடு உன்னுடையதா என்பது. "என்னுடையதுதான் அம்மா, பட்டா என் பெயரில் இருக்கிறது" என்று விடையிறுத்திருக்கிறார். திரையில் ஒரு கட்டத்தில் 'ஆம்' விழுந்தது. அதாவது, அவ்வீட்டில் உரிமையாளர் தாமே குடியிருக்கிறார் என்று பதிவாயிற்று. "நீங்களே குடியிருக்கிறீர்களா, குடிக்கூலிக்கு விட்டிருக்கிறீர்களா?" என்று தமிழ்நாட்டில் எழுத்தறியாத் தாயும் ஒரு நொடியில் கேட்கத்தக்க வினா அது. அதைத் தமிழ்ப்பெண் ஒருத்தி தமிழ்ப்பெண் ஒருத்தியிடம் ஆங்கிலத்திற் கேட்டு, தமிழில் விடை பெற்று, ஆங்கிலத்தில் தவறாகப் பதிந்தாள்.

அடுத்து வந்தது உறுதிப்பாட்டு அழைப்பு. இது மாந்தர் குரலன்று. நெறிகள் அனைத்தையும் நான் படித்தேன், விளங்கிக்கொண்டேன், ஒப்புகிறேன் என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் விரைந்து ஓதிவிட்டு, ஒப்பினால் 'எஸ்' என்று சொல்லச் சொல்லிற்று. தமக்கையார் "ஆம்" என்றார். உங்கள் விடை விளங்கவில்லை என்றது பொறி. மீண்டும் "ஆம், ஆம்" என்றார். விளங்கவில்லை என்றது. அருகிருந்த பக்கத்து வீட்டுச் சிறுமி "எஸ் என்று சொல்லுங்கள் பாட்டி" என்று சொல்லிக்கொடுக்க, அவர் 'எஸ்' என்றார். பொறி நன்றி கூறிற்று. தான் படிக்காத மொழியில், தான் காணாத ஒப்பந்தத்தை, படித்து விளங்கிக்கொண்டதாக, தன் வாயாலேயே, தன்னுடையதல்லாத ஒரு சொல்லால் அவர் உறுதியுரைத்த காட்சி அது. அடிமைமுறி எழுதி வாங்கிய காலத்திலுங்கூட முறியைப் படித்துக் காட்டிக் கைந்நாட்டு வாங்கினர்.

முறி மின்னஞ்சலில் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. இரண்டாம் பக்கத்திலேயே அத்தவற்றைக் கண்டேன். பிழை சிறிதன்று. காப்பீட்டொப்பந்தம் என்பது மீயுயர் நன்னம்பிக்கையின் மேல் நிற்பது என்பது அத்துறையின் அடிப்படை நெறி. இன்றியமையாச் செய்தி ஒன்றைப் பொய்யாகச் சொன்னால் காப்பே இல்லாததாகிவிடலாம். பதிந்தவர் செய்த பிழை, புயலுக்குப் பின் ஆய்வாளர் வந்து நிற்கும் நாளில், காப்புப் பெற்றவர் சொன்ன பொய்யாக மாறும்! குடிக்கூலி இழப்பு என்னும் இடத்தில் சுழியம் இருந்தது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் கேட்டு நான்கு முறை அழைத்தேன். நான்கு பேரும் நான்கு முறையீட்டெண் தந்தனர். ஒருவர், குடிக்கூலி ஒப்பந்தத்தின் படியை அனுப்புக என்றார். அனுப்பினோம். அது தமிழில் எழுதப்பெற்றது. தமிழ்நாட்டரசு 2017இல் இயற்றி 2019 பிப்பிரவரி 22 முதல் நடைமுறைப்படுத்திய குடிக்கூலிச் சட்டம், வீட்டுக்காரர்க்கும் குடியிருப்பவர்க்கும் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அக்கட்டளைக்கு இணங்கியே அது எழுதப்பெற்றது. "இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்" என்று மறுமொழி வந்தது. தமிழ்நாட்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில், தமிழர் இருவர் தமக்குள் எழுதிக்கொண்ட தமிழ் ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் வாணிகம் செய்யும் நிறுவனம் படிக்க மாட்டாதாம்! ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் 'இவ்வழைப்பு பதிவு செய்யப்படுகின்றது' என்று அறிவிக்கின்றார்களே, அப்பதிவைத் தாருங்கள், தமக்கையார் என்ன சொன்னார் என்று கேட்போம் என்றேன். அது நிறுவனத்தின் அகப்பயன்பாட்டிற்கு உரியதாம். நம் குரல் அவர்கள் உடைமை. பின்னர்த் தமிழிலேயே மடல் எழுதி விரைவஞ்சலில் அனுப்பினோம். மூன்றாம் மடலுக்குப் பிறகு, நாற்பத்தாறாம் நாள், திருத்திய முறி வந்தது. அந்நாற்பத்தாறு நாளில் ஐப்பசி முழுவதும் அடங்கிற்று.

அத்தொலைபேசிப் பெண்ணை நான் குறைகூறவில்லை. அவர் ஏதோ ஒரு நகரத்தில், ஒரு நாளைக்கு இத்துணை அழைப்பு, ஓர் அழைப்புக்கு இத்துணை மணித்துளி என்று அளந்து வைத்த கூண்டில் இருந்து பிழைப்பவர். அவர் கையில் தமிழில் எழுதிய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்திருந்தால் அழகாகக் கேட்டிருப்பார். கொடுக்காதவர் எவர் என்பதே நம் வினா.

அதற்கு விடை காண, இக்காப்பீட்டுத் திட்டங்களின் பெயர்களைச் சற்றே நோக்குவோம். காப்பீட்டை ஒழுங்குசெய்யும் நடுவண் ஆணையம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் தலைமையிடம் ஐதராபாத்து. எளிய மக்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகவே, எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்க வேண்டிய பொதுமுறிகளை அது வகுத்தது. நன்று. விளங்க வேண்டும் என்பதற்காக வகுத்த அவற்றுக்கு இட்ட பெயர்கள் யாவை? 2020 ஏப்பிரல் 1 முதல் நலக்காப்பீட்டிற்கு 'ஆரோக்கிய சஞ்சீவனி'. 2021 சனவரி 1 முதல் உயிர்க்காப்பீட்டிற்கு 'சரல் சீவன் பீமா'. 2021 ஏப்பிரல் 1 முதல் வீட்டிற்குப் 'பாரத் கிருக ரட்சா'. முறையீடு செய்யும் இணையவாயிலுக்குப் 'பீமா பரோசா'. 2025 திசம்பரில், காப்பீட்டு நிறுவனங்களில் அயல்நாட்டு முதல் நூறு விழுக்காடும் நுழையக் கதவு திறந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திற்குப் 'சப்கா பீமா சப்கி ரட்சா'! எல்லார்க்கும் காப்பீடு, எல்லார்க்கும் காப்பு என்பது அதன் பொருளாம். எல்லார்க்கும் என்பதை எல்லார்க்கும் விளங்காத மொழியிற் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். முதல் அமெரிக்காவினின்றும் வரலாம், சப்பானினின்றும் வரலாம். பெயர் மட்டும் இந்தியினின்றே வரல் வேண்டும். என் தமக்கையார் எடுத்தது 'பாரத் கிருக ரட்சா'தான். அப்பெயரை அவர் இன்றுவரை ஒரு முறையும் தவறின்றிச் சொன்னதில்லை. 'வீட்டுக்காப்பு' என்று நாலெழுத்துக்குச் சற்று மிகுதியாய்ச் சொன்னால் எவர் குடி மூழ்கும்?

இதுவும் தற்செயலாய் நேர்ந்ததன்று. அரசியற் சட்டத்தின் ஏழாம் பட்டியலைப் புரட்டுக. நடுவணரசுக்குரிய வரிசையில் 31ஆவது, அஞ்சலும் தொலைபேசியும். 47ஆவது, காப்பீடு. பேசும் கம்பியும் தில்லியின் கையில். பேசப்படும் பொருளும் தில்லியின் கையில். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டிலிருந்த 107 பொதுக்காப்பீட்டு நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி 1973 சனவரி 1 முதல் நான்காகத் தொகுத்தபோது, அந்நான்கனுள் ஒன்றன் தலைமையிடம் சென்னையாயிற்று. அரை நூற்றாண்டு கடந்தது. தலைமையிடம் சென்னையில் இருந்தமையால் ஒப்பந்தம் தமிழுக்கு வந்துவிட்டதா? கட்டடம் நம்மூரில் நிற்பது வேறு. ஆட்சி நம்மிடம் இருப்பது வேறு. 1976இல் நடுவணரசு வகுத்த ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகவே செல்லும் என்று அவ்விதிகளின் முதற்பகுதியே கூறுகின்றது. 1965இல் நம் மாணவர் சிந்திய குருதியின் பயன் அது. விதி நீங்கிற்று, விதியின் ஆவி நீங்கவில்லை. 2024 நவம்பரில் நாட்டின் உயிர்க்காப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளம் முழுவதும் இந்தியாய் மாறி நின்றதும், தமிழ்நாடு கொதித்தெழுந்தவுடன் அது பொறிக்கோளாறு என்று சொல்லப்பெற்றதும் நினைவிருக்கும். அவர்கள் பொறி கோளாறுறும்போதெல்லாம் ஏனோ தமிழின்பாற் சாய்வதில்லை.

சட்டத்தில் நமக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது இடுக்கு. 2002இல் அவ்வாணையம் வெளியிட்ட காப்புப் பெறுவோர் நலவிதிகளில், காப்பீட்டிற்கான படிவங்களும் ஆவணங்களும், அவ்வந் நிலைக்கேற்ப, அரசியற் சட்டம் ஏற்ற மொழிகளில் கிடைக்கச் செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. செய்ய'லாம்'. 'வேண்டும்' அன்று. தமிழிலக்கணத்தில் இரண்டு அசை வேறுபாடு. வாழ்க்கையில் ஒரு வீடு வேறுபாடு. எழுதத் தெரியாதவர்க்காகப் பிறர் படிவத்தை நிரப்பினால், 'எனக்கு முழுவதும் விளக்கப்பெற்றது, நான் முழுவதும் உணர்ந்துகொண்டேன்' என்று அவரிடமே ஒரு சான்று வாங்கிக்கொள்ளவும் அவ்விதிகள் வழிசெய்தன. விளக்கினார்களா என்று பார்ப்பவர் இல்லை. விளங்கிற்று என்னும் கையெழுத்து மட்டும் கோப்பில் இருக்கும். அவ்விதிகள் பின்னர் மாற்றப்பெற்றன. நலக்காப்பீட்டில் 2024 சனவரி 1 முதல், முறியின் சுருக்கத்தைக் கூறும் செய்தித்தாள் ஒன்றைத் தருதல் வேண்டும், காப்புப் பெறுவோர் விரும்பிக் கேட்டால் அதை அவர்தம் மொழியிலும் தருதல் வேண்டும் என்று ஆணை வந்தது. கேட்டால்! கேட்கலாம் என்று எந்தப் பொறிக்குரலாவது தமிழில் அறிவித்ததுண்டா?

ஆயினும் ஒன்றை வழக்கறிந்தோர் நமக்குச் சொல்கின்றனர். விலக்குநெறி எதனையும் காப்புப் பெறுவோர்க்கு அறிவியாமல் வைத்திருந்துவிட்டு, இழப்பீடு கேட்கும்போது அதைக் காட்டி மறுத்தல் செல்லாது என்று உச்சநயன்மன்றம் 2000இலும் 2019இலும் தீர்ப்பளித்துள்ளது. அந்நெறியை நாம் ஓரடி முன் நகர்த்திக் கேட்போம். தாளைக் கையிற் கொடுத்துவிட்டால் அறிவித்ததாகுமா? கண் தெரியாதவன் முன் விளக்கேற்றி வைத்துவிட்டுக் காட்டினேன் என்று சொல்வது காட்டுதலாகுமா? அறிவித்தல் என்பது அறிவில் சென்று சேர்தல். தமிழ் மட்டுமே அறிந்தார்க்கு ஆங்கிலத்தில் அறிவித்தது அறிவியாமையே என்று எந்த வழக்குரைஞரேனும் ஒரு வழக்கிலேனும் எழுந்து நின்று சொல்லுதல் வேண்டும். நம் இயக்கத்தில் வழக்குரைஞர்களுக்குக் குறைவில்லை.

உலகில் எவரும் செய்யாததையா நாம் கேட்கிறோம்? கனடா நாட்டில் கியூபெக்கு என்னும் மாநிலம் ஒன்றுண்டு. அம்மாநிலத்து மக்களின் மொழி பிரெஞ்சு. சூழ்ந்திருப்பது ஆங்கிலக் கடல். 1977இல் அம்மாநிலச் சட்டமன்றம் பிரெஞ்சு மொழிப் பேராவணம் என்னும் சட்டத்தை இயற்றிற்று. ஒரு தரப்பார் முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொண்டு, மறுதரப்பாரை அப்படியே ஒப்பச் செய்யும் ஒப்பந்தங்கள் பிரெஞ்சில் எழுதப்பெறல் வேண்டும் என்று அதன் 55ஆம் பிரிவு விதித்தது. 2022இல் அதனை இன்னும் இறுக்கினர்; முதலில் பிரெஞ்சு வடிவத்தைக் காட்டிய பின்னரே, வேண்டுவோர் வேற்றுமொழி வடிவத்தில் கையொப்பமிடலாம் என்று 2023 சூன் முதல் நடைமுறையாயிற்று. அதனால் காப்பீட்டு நிறுவனங்கள் கியூபெக்கை விட்டு ஓடிப்போகவில்லை. ஊதியம் கிடைக்கும் இடத்தில் வாணிகன் எம்மொழியும் கற்பான். அவர்கள் தனிநாடு அல்லர்; நம்மைப்போல் ஒரு கூட்டாட்சிக்குள் இருக்கும் மாநிலத்தாரே. ஆனால் அங்குள்ள ஆட்சியாளர் மொழியை மேடையில் வைத்துவிட்டு அலுவலகத்திற்குச் செல்வதில்லை.

தமிழ்நாட்டரசு இதனைச் செய்ய இயலுமா? காப்பீடு நடுவணரசின் வரிசையில் உள்ளது என்று கைவிரிப்பர். ஒப்பந்தம் என்பது பொதுவரிசையில், 7ஆவதாக உள்ளது என்பதை அவர்கட்கு நினைவூட்டுவோம். முன்னச்சிட்ட ஒப்பந்தம் எதுவாயினும் தமிழ்நாட்டில் தமிழ்வடிவம் இன்றிச் செல்லாது என்று ஒரு சட்டமுன்வரைவைக் கொண்டுவரட்டும். குடியரசுத் தலைவர் இசைவு தராமல் இழுத்தடிக்கட்டும். தில்லியின் முகம் இன்னுமொரு முறை மக்களுக்குத் தெரியட்டும். அதைக் கூடச் செய்யாமல், தமிழ் வாழ்க என்று மின்விளக்கில் எழுதி மாநகராட்சிக் கட்டடங்களில் ஏற்றிவைத்து என்ன பயன்?

"ஆங்கிலந்தான் எல்லார்க்கும் தெரியுமே, இதைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன்" என்பார் நம்மவரிலேயே உளர். இவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: உங்கள் வீட்டுக் காப்பீட்டு முறியைக் கடைசிப் பக்கம் வரை படித்தீரா? படித்தேன் என்றவர் ஒருவரையும் நான் கண்டிலேன். ஆங்கிலம் தெரிந்தவர்க்கும் அது தெரியாத ஆங்கிலமே. இன்னொரு சாரார், காப்பீட்டுச் சொற்களுக்குத் தமிழில் இடமேது என்பர். முறி, ஈடு, காப்பு, இழப்பு, கட்டணம், விலக்கு, உரிமைகோரல், ஒப்படைப்பு; இவற்றுள் எது உங்கள் பாட்டிக்கு விளங்காது? பிணைமுறியும் ஒற்றிமுறியும் தமிழில் எழுதிப் பதிந்துகொண்ட குமுகம் இது. மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குத் தமிழிற் பெயர் சூட்டி, அட்டையும் தமிழில் தர முடிகிறதே. அதனால் எந்த மருத்துவமனையில் எந்த நோயாளியின் காய்ச்சல் மிகுந்தது?

எனவே, உணர்வாளர்கள் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. அதற்கு மாநாடு வேண்டா. வீட்டிற்கோ கடைக்கோ காப்பீடு வைத்திருப்போர் தத்தம் முறியை எடுத்து முதலில் இரண்டு இடங்களைப் பார்க்க: குடியிருப்பது எவர் என்று எழுதியுள்ள இடம், குடிக்கூலி இழப்பு என்று எழுதியுள்ள இடம். தெரியாதார்க்குத் தெரிந்தார் படித்துச் சொல்க. கிளைதோறும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். தவறிருப்பின் தொலைபேசியை எடுக்க வேண்டா. தமிழில் மடல் எழுதுக. முறியின் தமிழ் வடிவத்தையும் அம்மடலிலேயே கேட்க. விரைவஞ்சலில் அனுப்பிப் பற்றுச்சீட்டையும் மடலின் படியையும் வைத்துக்கொள்க. ஒரு திங்களுக்குள் விடை வாராதாயினும், வந்த விடை பொருந்தாதாயினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்க்கு எழுதுக. தமிழ்நாட்டிற்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குமான அவர்தம் அலுவலகம் சென்னையிலேயே உள்ளது. கட்டணம் இல்லை, வழக்குரைஞர் வேண்டா, நிறுவனத்தின் விடை கிடைத்த நாளினின்று ஓராண்டிற்குள் முறையிடுதல் வேண்டும். ஆணையத்தின் முறையீட்டுத் தொலைபேசி எண் 155255. அதனையும் அழைத்துத் தமிழிலேயே பேசுக. தமிழ் எத்தனையாவது எண்ணில் வந்தது, எத்தனை மணித்துளி காக்க வைத்தனர், வந்தவர் எம்மொழியிற் பேசினார் என்பவற்றை நாளும் நேரமும் இட்டுக் குறித்து, அக்குறிப்பையும் குறைதீர்ப்பாளர்க்கு எழுதும் மடலோடு இணைத்து அனுப்புக.